போர்வைகள் இருந்தும் நடுங்கிய ராமானுஜன்... குளிர் ஊருக்குக் கிளம்பும் விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய கதை!

விருத்தாசலம் என்ற பெயருக்குள்ளேயே ஒரு மலை இருக்கிறது. 'விருத்த' என்றால் பழைய, 'அசலம்' என்றால் மலை. பழைய தமிழ்ப் பெயர் திருமுதுகுன்றம். ஆனால், ஜங்ஷனில் இறங்கி மலையைத் தேடினால் கண்ணுக்கு எட்டியவரை சமவெளிதான். மலை இல்லை, அதனால் மலைக் குளிரும் இல்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மணிமுத்தாற்று மணலில் மதியம் வெறுங்காலோடு நிற்க முடியாது. மார்கழி விடியலில் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வரும் பெரியவர்கள் "என்னா குளிரு" என்பார்கள். அப்போது வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அதே 20 டிகிரியில் லண்டன்காரர் அரைக்கால் சட்டையோடு பூங்காவில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்.

வெயில் போதாதென்று ஊரில் சூளை வேறு. பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசுக் கல்வி நிலையம், பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரியோடு கிடைக்கும் களிமண் என்று எல்லாம் சேர்ந்து இதை பீங்கான் ஊராக்கியிருக்கின்றன. கார்த்திகைக்கு அகல், நவராத்திரிக்கு கொலு பொம்மை, மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் ஃபியூஸ் கட்டை என்று இங்கே செய்யப்படும் எல்லாமே நெருப்புக்குள் போய் வந்தவை. பீங்கானுக்கு 1,200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்.

ஆக, சூட்டைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குளிர்தான் தெரியாது.

முன்பெல்லாம் அது தெரியாமல் இருந்ததில் பெரிய நஷ்டமும் இல்லை. கடலூர் மாவட்டத்துக்காரர்கள் வெளிநாடு என்று போனால் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா. அதாவது, ஒரு சூட்டிலிருந்து இன்னொரு சூட்டுக்கு. இப்போது நிலைமை வேறு. மேல்படிப்பு, நர்ஸிங் வேலை, ஐ.டி வேலை என்று பிள்ளைகள் லண்டனுக்கும் டப்ளினுக்கும் டொரண்டோவுக்கும் பெர்லினுக்கும் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் என்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது: ஸ்வெட்டர், தெர்மல், கையுறை, குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். அதில் இல்லாதது ஒன்றுதான். இந்தப் பொருள்களை வைத்துக்கொண்டு குளிரில் எப்படிக் குடித்தனம் நடத்துவது? அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, அங்கே போனபின் கேட்கவும் கூச்சம்.

அந்தக் கூச்சத்துக்கு நம்மிடம் மிகப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. கணித மேதை ராமானுஜன்!

படுக்கையில் ஒரு புதிர்

ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் ராமானுஜன். அவர் 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பலில் சென்னையிலிருந்து கிளம்பினார். லண்டன் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 14. அப்போது அவருக்கு வயது 26. கிளம்பும் முன்பே குடுமி போயிற்று. கோட்டு, கால்சட்டை, ஷூ, கத்தி, முள்கரண்டி என்று எல்லாவற்றுக்கும் பயிற்சி நடந்தது. அதாவது, வெளியில் நாலு பேர் பார்க்கிற விஷயங்களுக்கெல்லாம் தயார் செய்துதான் அனுப்பினார்கள். படுக்கையறைக்கு யாரும் தயார் செய்யவில்லை.

கேம்பிரிட்ஜில் அதே காலத்தில் படித்துக்கொண்டிருந்த வங்காள இளைஞர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பின்னாளில் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான். ஒருநாள் ராமானுஜனின் அறைக்குப் போகிறார். நல்ல குளிர். ராமானுஜன் கணப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். மகலனோபிஸ் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்கிறார்: ராத்திரியில் குளிர் தாங்குகிறதா? இல்லை, எப்போதும் குளிராகவே இருக்கிறது, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன் என்கிறார் ராமானுஜன்.

போதுமான கம்பளி இல்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்க்கிறார். கம்பளிகள் இருக்கின்றன, ஒன்றல்ல, பல. ஆனால், ஆங்கிலேய வழக்கப்படி அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு துணி விரிப்பைப் போட்டுவைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு நம் வீட்டு மெத்தையும் அதன் விரிப்பும் போலவே இருக்கும். ராமானுஜன் அந்த மேல் விரிப்பை மட்டும் தூக்கி, அதற்கும் கம்பளிகளுக்கும் நடுவில் படுத்திருக்கிறார். கம்பளிகளின் மேலேயே படுத்துக்கொண்டு நடுங்கியிருக்கிறார். கம்பளியை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்று மகலனோபிஸ் செய்து காட்டியபோது மிகவும் நெகிழ்ந்துபோனாராம்.

இந்த நினைவு எஸ்.ஆர்.ரங்கநாதன் ராமானுஜனைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. ரங்கநாதன் யார் தெரியுமில்லையா? சீர்காழிக்காரர், இந்திய நூலகத் துறையின் தந்தை.

இந்தச் சம்பவத்தை மேதைகளின் ஞாபகமறதிக் கதைகளோடு சேர்த்துச் சொல்லிச் சிரிப்பதுதான் வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. இதில் மறதி எங்கே இருக்கிறது? பாயை விரித்து, அதன் மேல் படுத்து, தேவைப்பட்டால் ஒரு போர்வையை மேலே இழுத்துக்கொள்கிற ஊரிலிருந்து போனவர் அவர். ஓரம் செருகப்பட்ட கம்பளியைப் பார்த்து அதற்குள் நுழைய வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? உலகமே வியந்த சூத்திரங்களை எழுதியவருக்கே தோன்றவில்லை என்றால், நேற்று விசா வாங்கிய நம் வீட்டுப் பிள்ளைக்கு ரேடியேட்டரின் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் கவனிக்கலாம். மகலனோபிஸ் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி குளிருகிறதா என்று கேட்டார், போய்ப் படுக்கையைப் பார்த்தார், செய்து காட்டினார். நாம் போனில் தினமும் கேட்பது 'சாப்பிட்டியா?' அதற்கு 'ம்' என்று ஒரே எழுத்தில் பதில் வந்துவிடும். 'ராத்திரி எப்படிப் படுக்குற, வீடியோல காட்டு' என்று கேட்டுப் பாருங்கள். வேறு விவரங்கள் வெளியே வரும்.

கேஸ் அடுப்பும் ரசமும்

குளிரில் ராமானுஜனுக்கு இரண்டாவது சிக்கல் சாப்பாடு. சுத்த சைவம். கல்லூரி உணவுக் கூடத்துக் காய்கறிகள் அவருக்கு ஒத்துவரவில்லை. நல்ல பாலும் பழமும் கிடைப்பதால்தான் சமாளிக்கிறேன், இனி ஒன்றிரண்டு பதார்த்தங்களை நானே சமைக்கப் போகிறேன், அதற்கு வேண்டியதை ஊரிலிருந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்று கடிதம் எழுதினார். அந்த ஆகஸ்டில் முதல் உலகப்போர் வெடித்தது. ஊரிலிருந்து பார்சல் வருவதும் கஷ்டம், அங்கே பால், காய்கறி கிடைப்பதும் கஷ்டம் என்றாகிவிட்டது.

அந்த டிசம்பரில் நடந்த ஒரு காட்சி கணித உலகில் பிரபலம். ராமானுஜன் அறையில் கேஸ் நெருப்பின் மேல் வாணலியை வைத்துக் காய்கறி கிளறிக்கொண்டிருக்கிறார். மகலனோபிஸ் மேஜையில் உட்கார்ந்து 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டுகிறார். ஒரு தெருவில் 50-லிருந்து 500 வரை வீடுகள் இருக்கலாம். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகையும் சமம். அந்த வீட்டு எண் என்ன? கிளறுவதை நிறுத்தாமலே ராமானுஜன் விடை சொல்கிறார். ஒரு விடையல்ல, அதுபோன்ற எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் விடை. பத்திரிகை கேட்ட கணக்குக்கு விடை, 288 வீடுகள் உள்ள தெருவில் 204-வது வீடு.

எல்லோரும் கணக்கைப் பார்ப்பார்கள். விருத்தாசலத்திலிருந்து பார்த்தால் அந்த கேஸ் நெருப்பும் கண்ணில் படும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அறையைச் சூடாக்கும் கேஸ் கணப்புகளில் தீச்சுடருக்கு மேல் நெருப்புக் களிமண்ணால் செய்த துண்டுகளை அடுக்கியிருப்பார்கள். சுடர் பட்டதும் அவை செக்கச்சிவந்து அனல் வீசும். அறைக்குள் வெப்பத்தைப் பரப்புவது பெரும்பாலும் சுட்ட மண்தான்.

வடக்கு, கிழக்கு ஐரோப்பாவில் இதையே இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். வீட்டுக்குள் தரையிலிருந்து கூரை வரை பீங்கான் ஓடு பதித்த கணப்பு. ஒருமுறை விறகு எரித்தால் போதும், மண்ணும் ஓடும் சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மெதுவாக வெளியே விடும். 1767-ல் சுவீடனில் இதன் புகைப்போக்கியை மேலும் கீழுமாக வளைத்து, வெப்பம் வீணாகாமல் ஓடுகளிலேயே தங்கும்படி மேம்படுத்தினார்கள். நம் வீட்டில் மண் பானை தண்ணீரைக் குளிர வைக்கிறது, அங்கே அதே மண் வீட்டைச் சூடாக வைக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். ராமானுஜன் ஒருமுறை சாட்டர்ஜி என்ற நண்பரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் அறைக்கு அழைத்துத் தன் கையால் சமைத்த ரசம் பரிமாறினார். ஒரு கிண்ணம் குடித்தார்கள், இரண்டாவதும் குடித்தார்கள். மூன்றாவது வேண்டாம் என்று விருந்தாளிகள் சொன்னதும் ராமானுஜனைக் காணோம்! கோபித்துக்கொண்டு வெளியே போனவர் நேராக ஆக்ஸ்ஃபோர்டு போய்விட்டார். ஊர் திரும்பப் பணம் அனுப்பச் சொல்லி அங்கிருந்து தந்தி கொடுத்தார். நாலைந்து நாள் கழித்துத்தான் வந்தார். சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று தோன்றலாம். புளி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கப்பலில் வரும் என்று நினைத்துப் பார்த்தால், அந்த மூன்றாவது கிண்ணத்தின் விலை தெரியும்.

பேனாவோடு குளியலறைக்கு

1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். காசநோய் என்று கருதி ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்குக் காசநோய்க்கு மருந்து கிடையாது. சுத்தமான, குளிர்ந்த காற்றுதான் மருந்து என்று நம்பினார்கள். சானடோரியங்களில் ஜன்னல்களைத் திறந்தே வைப்பார்கள். கும்பகோணத்து உடம்புக்கு இது எப்படி இருந்திருக்கும்?

அங்கிருந்து பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய ஒரு கடிதம் இன்றும் கிடைக்கிறது. வந்து ஒரு மாதமாகிறது, ஒருநாள்கூட அறையில் நெருப்பு மூட்ட விடவில்லை, குளிரில் பலமுறை நடுங்கினேன், சில வேளை சாப்பிடக்கூட முடியவில்லை என்று எழுதுகிறார். முக்கியமான கணித வேலை செய்யும் நாளில் நெருப்பு தருகிறோம் என்று சொன்னார்களாம், அந்த நாளும் வரவில்லையாம். அடுத்து அவர் சொல்லும் யோசனைதான் மனதைப் பிசைகிறது. குளியலறை மட்டும் நல்ல கதகதப்பாக இருக்கிறது, அதனால் தினமும் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கே போய் உட்காரப் போகிறேன், சீக்கிரம் சில கட்டுரைகள் அனுப்புகிறேன் என்கிறார்.

இந்தக் கதையில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் வருகிறார். ஏ.எஸ்.ராமலிங்கம், கடலூரிலிருந்து இங்கிலாந்து போன இன்ஜினீயர். ராமானுஜன் லண்டனில் இறங்கிய புதிதில் தங்கிய விடுதியில் இருவருக்கும் பழக்கம். 1918 ஜூனில், டெர்பிஷயரில் உள்ள மேட்லாக் சானடோரியத்துக்கு ராமலிங்கம் நேரில் போனார். மூன்று நாள் கூடவே இருந்தார். ஊரில் வந்து உறவினர்கள் மருத்துவமனையில் படுத்துக் காத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அப்படி. திரும்பி வந்ததும் ஹார்டிக்குக் கவலையோடு கடிதம் எழுதினார். ராமானுஜன் மெலிந்துபோயிருப்பதும், அவருக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்காததும்தான் அந்தக் கவலை. அவர் பெயரில் எந்தச் சூத்திரமும் இல்லை. கணித வரலாற்றில் சாப்பாட்டுக்காகக் கடிதம் எழுதியவராக மட்டும் இருக்கிறார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருக்கிறது.

1919 மார்ச் 27 அன்று ராமானுஜன் பம்பாய் வந்து சேர்ந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. அவருக்கு வந்தது காசநோயே இல்லை, கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருக்கலாம் என்று 1994-ல் டி.ஏ.பி.யங் என்ற ஆங்கிலேய மருத்துவர் அவருடைய நோய்க் குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். ஆகவே, குளிர் அவரைக் கொன்றது என்று எழுதினால் அது தப்பு. ஆனால், அங்கிருந்த ஐந்து ஆண்டுகளில் பல இரவுகளை அது பறித்துக்கொண்டது.

சூளை ஆறும் வரை...

பீங்கான் தெரிந்தவர்களுக்கு இது புரியும். சூளையில் தீயை நிறுத்தியதும் யாரும் கதவைத் திறந்துவிடுவதில்லை. உள்ளே இருப்பது வெந்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று அவசரப்பட்டால், குளிர்ந்த காற்று பட்டுப் பாத்திரம் விரிசல் விடும். குறிப்பாக 573 டிகிரியைக் கடக்கும்போது மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தில் மெதுவாக இறங்க வேண்டும். சூடேற்றுவதற்கு ஆகும் நேரத்தைவிட ஆறவிடும் நேரம் அதிகம்கூட ஆகலாம். கை பொறுக்கும் சூட்டுக்கு வரும் வரை காத்திருப்பார்கள்.

ராமானுஜனுக்குக் கப்பலில் நாலு வாரமாவது கிடைத்தது. இன்று மீனம்பாக்கத்தில் ஏறினால் பத்துப் பதினோரு மணி நேரத்தில் லண்டன். ஜனவரியில் போகிறவர் 30 டிகிரியிலிருந்து ஏழெட்டு டிகிரிக்குள் இறங்குகிறார். உடம்பு சில வாரங்களில் ஓரளவு பழகிக்கொள்ளும். வீட்டுப் பழக்கங்கள் மாறத்தான் அதிக நாள் ஆகும். எனவே, குளிரின் குடித்தனப் பாடங்களில் சிலவற்றை மட்டும் இங்கே சொல்லிவிடலாம்.

முதலில் துணி. நமக்குத் தெரிந்த நல்ல துணி பருத்தி. வியர்வையை உறிஞ்சும் என்றுதான் அதைப் புகழ்கிறோம். குளிரில் அதுவே எதிரி. பஸ்ஸைப் பிடிக்க ஓடி வியர்த்தால் பருத்தி பனியன் நனைந்து, சீக்கிரம் காயாமல், உடம்பை ஒட்டிக்கொண்டு சில்லிடவைக்கும். உடம்பை ஒட்டி தெர்மல், அதன் மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போடுவதுதான் வழக்கம். ஒரே தடிமனான கோட்டைவிட இது சௌகரியம். ஏனென்றால் ரயிலுக்குள்ளும் கடைக்குள்ளும் ஹீட்டர் எரியும், ஒன்றைக் கழற்ற வேண்டியிருக்கும். இங்கே சென்னை வெயிலில் நின்று கோட்டு வாங்குவதைவிட, அங்கே போய் வாங்குவதே நல்லது என்பது பலரும் சொல்வது.

அடுத்து, மாவு. தமிழர்கள் குளிர் நாடுகளில் அதிகம் விவாதிக்கும் அறிவியல் பிரச்னை இதுவாகத்தான் இருக்கும்! விருத்தாசலத்தில் ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு, கோடையில் விடிவதற்குள் பாத்திரத்தைவிட்டு வெளியே வந்து நிற்கும். 15 டிகிரி சமையலறையில் இரண்டு நாளானாலும் அசையாது. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி அளவில் கதகதப்பு வேண்டும். அவனை எரியவிடாமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு அதற்குள் பாத்திரத்தை வைப்பது குளிர்நாட்டுத் தமிழர்கள் கண்டுபிடித்த வழி. ரேடியேட்டர் பக்கத்தில் துண்டு சுற்றி வைப்பவர்களும் உண்டு. ஊட்டி, குன்னூர் வீடுகளில் கம்பளி சுற்றி வைப்பார்கள். தயிருக்கும் இதே வைத்தியம்தான்.

ஊட்டி என்றதும் ஒன்று. வெளிநாடுதான் போக வேண்டும் என்பதில்லை, அரசு வேலையில் நீலகிரிக்கு மாற்றலாகிப் போகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். உயரே போகப் போக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி குறையும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பி இறக்கினால் பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் மலைக்குப் போகாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வாய் குறுகிய பாட்டிலில் கொண்டுபோனால் அது ஷோகேஸ் பொருள்தான். அகல வாய் டப்பா நல்லது. தலைக்கு மட்டுமில்லை, ஹீட்டர் காற்றில் வறண்டு வெடிக்கும் உதட்டுக்கும் காலுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

இனி வருவது கொஞ்சம் சீரியஸானது. குளிருக்கு ஜன்னல்களை எல்லாம் அடைத்துக்கொண்டு, உள்ளேயே சாம்பார் கொதிக்கவிட்டு, ஈரத் துணியையும் உள்ளேயே காயவைத்தால், அந்த ஈரமெல்லாம் சில்லென்றிருக்கும் சுவரில் போய்ப் படியும். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்க்குமே, அதேதான். சில வாரத்தில் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், இருமல் வரும். தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், குளிருக்காகக் கரி அடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானல், ஊட்டி அறைகளில் இப்படி இறந்தவர்களின் செய்திகள் நம் பத்திரிகைகளிலேயே வந்திருக்கின்றன.

வைட்டமின் டி பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலில் கிடந்த நமக்கு அது குறையும் என்று தோன்றாது. ஆனால், தோல் கறுப்பாக இருக்கும்போது அதே அளவு வைட்டமினைத் தயாரிக்க அதிக நேரம் வெயில் வேண்டும். அங்கே குளிர்கால வெயிலில் அதற்கான சக்தியே இல்லை. பிரிட்டன் பொது மருத்துவச் சேவை, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கச் சொல்கிறது. தெற்காசியர்கள் போன்ற கறுத்த தோல் உள்ளவர்களுக்கு ஆண்டு முழுவதுமே இந்த ஆலோசனை. உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

உடம்பு வலி... ஸ்கேனில் ஒன்றுமில்லை!

தமிழர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் மிகக் குளிரான ஒன்று, நார்வேயின் வட கோடியில் உள்ள ஃபின்மார்க். நார்வேக்கு முதன்முதலில் போன தமிழர் என்று சொல்லப்படும் அந்தோனி ராஜேந்திரம் 1956-லேயே அந்த நாட்டுக்குப் போனவர். 1980-களில் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் பலர் இந்த வடகோடி மீனவக் கிராமங்களுக்குப் போனார்கள். மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை, இவர்களுக்கு உடனே வேலை வேண்டும். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. பனை மரமும் உப்புக்காற்றும் பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர்கள், மதியம் பன்னிரண்டு மணிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில் மீன் வெட்டப் போனார்கள்.

ஆன் சிக்ஃப்ரிட் கிரோன்செத் என்ற நார்வே மானுடவியலாளர் இவர்களோடு தங்கி ஆராய்ச்சி செய்தார். தலைவலி, தசைவலி, வயிற்றுவலி என்று தமிழர்கள் அடிக்கடி டாக்டரிடம் போவார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்பார். வலியோ தீராது. அவர் பார்த்த வரையில், அந்த வலிகள் அவர்கள் இழந்திருந்த வாழ்க்கையோடு சேர்ந்தவை. சொந்தக்காரர்கள், கோயில், திருவிழா, வாசலில் நின்று பேசும் அக்கம்பக்கம் என்று தங்களைத் தாங்களாக உணரவைத்த எதுவும் அங்கே இல்லை. காலப்போக்கில் பலர் தெற்கே, ஆஸ்லோ பக்கம் குடிபெயர்ந்தார்கள். அங்கேயும் குளிர் உண்டு. ஆனால், அங்கே கோயில் இருந்தது, தமிழ்ப் பள்ளி இருந்தது, கூப்பிட்டால் வரும் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன.

குளிரில் தனியாக இருக்கும் பிள்ளை போனில் 'உடம்பெல்லாம் வலிக்குதும்மா' என்று சொன்னால், மாத்திரை பெயரைச் சொல்லி முடித்துவிடாதீர்கள். யாரோடு தங்கியிருக்கிறான், வாரக் கடைசியில் யார் வீட்டுக்குப் போகிறாள், பக்கத்தில் தமிழ்ச் சங்கமோ கோயிலோ இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அங்கேயுள்ள டாக்டரையோ, பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். இருட்டான மாதங்களில் வரும் மனச்சோர்வு அங்கே தெரிந்த நோய்தான், சிகிச்சையும் உண்டு.

போன் பண்ணும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அதுவரை நாலரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் அன்றிலிருந்து ஐந்தரை மணி நேரமாகிவிடும். விருத்தாசலத்தில் சாப்பாடு முடித்து ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால், டிசம்பரில் லண்டனில் மதியம் மூன்றரை. இன்னும் இருபது நிமிடத்தில் அங்கே சூரியன் மறைந்துவிடும். கொஞ்சம் முன்னாடியே, இங்கே ஏழரை மணிக்குக் கூப்பிட்டுவிட்டால், 'கொஞ்சம் வெளியில போய் நின்னு பேசு' என்று சொல்ல அங்கே வெளிச்சம் மிச்சம் இருக்கும்.